மறதிக்கு வைத்த பரீட்சை



வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்ப் பக்கத்துப் பழைய கதை ஏதாவது எழுதுவேன். இன்றைக்கும் வரலாறுதான். ஆனால் கோயிலும் கல்வெட்டும் இல்லை. மனிதனின் மறதியை அளப்பதற்காக எழுதப்பட்ட கேள்வித்தாள்களின் வரலாறு. நீளமான பதிவு. வீட்டில் அறுபது தாண்டியவர்கள் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

இதை எழுதக் காரணம் என் சொந்தக் கதை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது 67. ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் பள்ளியில் இருந்த பி.டி. வாத்தியார் பேச்சைக் கேட்டு ஓட ஆரம்பித்தேன். நஞ்சராயன் குளத்துப் பக்கம் காலையில் ஐந்து கிலோமீட்டர். மழையென்றால் மட்டும் லீவு. ஒன்பது வருடமாக ஓடிய அதே வழியில், போன மாதம் ஒருநாள் சர்க்கார் பெரியபாளையம் பக்கம் ஒரு பிரிவில் நின்றுவிட்டேன். இடது பக்கமா, வலது பக்கமா? தெரியவில்லை. வழி மறந்துபோனவனுக்கு வருகிற யோசனைகூட வரவில்லை. அந்த இடத்தையே முதல்முறை பார்ப்பதுபோல இருந்தது. கம்பெனி வேனுக்காக நின்றிருந்த ஒரு பெண், "என்னுங்க சார், நின்னுட்டீங்க?" என்றார். "மூச்சு வாங்குதும்மா" என்று பொய் சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து எல்லாம் பழையபடி தெரிந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்காரம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பால்காரருக்கு இரண்டு முறை பணம் கொடுத்தது, ஒரே கதையை ஒரே சாயங்காலத்தில் பேரனுக்கு மூன்று முறை சொன்னது, எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறார். "ஏனுங்க, ஒருதரம் டாக்டரைப் பாத்துட்டு வந்துரலாமுங்க" என்று அந்தத் தாள்களை எடுத்துக் காட்டியபோது என்னால் ஒன்றும் பேச முடியவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். சில ரத்தப் பரிசோதனைகள், ஒரு எம்.ஆர்.ஐ., அப்புறம் ஒரு மணி நேரம் உட்கார வைத்து நடத்தும் ஞாபகப் பரீட்சை. எல்லாம் வருகிற வியாழக்கிழமை. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவன், முதல்முறையாகப் பரீட்சையை நினைத்துத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன். பயம் வந்தால் வாத்தியார் என்ன செய்வான்? பாடத்தைத் தேடிப் படிப்பான். இந்த இரண்டு வாரமாகப் படித்ததைத்தான் கீழே எழுதுகிறேன்.

1. நம் நாட்டு ஞாபகப் பரீட்சை

ஞாபகத்துக்குப் பரீட்சை வைப்பது நமக்குப் புதிதல்ல. அவதானக் கலை என்று ஒன்று இருந்தது. ஒருவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் அவ்வப்போது மணி அடிப்பார், ஒருவர் முதுகில் சிறு கல்லை எறிந்துகொண்டே இருப்பார். கடைசியில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். மணி எத்தனை, கல் எத்தனை என்பதும் சேர்த்து. எட்டுப் பேருக்குப் பதில் சொன்னால் அட்டாவதானி, நூறு என்றால் சதாவதானி. நாகர்கோவில் பக்கத்து இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் நூறு அவதானம் செய்து காட்டி அந்தப் பட்டத்தைப் பெற்றார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது ஞாபகம் கூடுதலாக இருப்பவருக்கு வைத்த பரீட்சை. ஞாபகம் குறைந்துகொண்டே போகிறவருக்கு நாம் பரீட்சை வைக்கவில்லை. "வயசாயிடுச்சு" என்ற ஒரே சொல்லில் கணக்கை முடித்துவிட்டோம். கேரளத்தில் இந்த நிலைக்குக் குழந்தைத்தனம் என்ற பொருளில் 'சின்னன்' என்று ஒரு சொல் இருந்ததை அங்கே ஆய்வு செய்த மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெயர் வைத்தார்கள், பரிவோடும் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் நோய் என்று நினைக்கவில்லை.

2. பிராங்பர்ட், 1901

1901 நவம்பர் மாதம். ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் அகஸ்டே டெட்டர் என்ற பெண்ணைச் சேர்த்தார்கள். வயது 51தான். கணவர் ரயில்வேயில் குமாஸ்தா. மறதி, சந்தேகம், ராத்திரியில் கத்துவது என்று வீட்டில் சமாளிக்க முடியாமல் கொண்டுவந்து விட்டார்.

அங்கே இருந்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், மறுநாள் அவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டு, சொன்ன பதிலை அப்படியே எழுதினார். பெயர் என்ன என்று கேட்டால் அகஸ்டே என்றார். குடும்பப் பெயர் கேட்டாலும் அகஸ்டே. கணவர் பெயர் கேட்டாலும் அகஸ்டே. தட்டில் இருந்தது காலிஃபிளவரும் பன்றிக்கறியும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றால் கீரை என்றார். ஒருமுறை, தன்னையே தொலைத்துவிட்டதாகச் சொன்னார்.

1906 ஏப்ரலில் அவர் இறந்தார். அல்சைமர் அவருடைய மூளையை வாங்கி நுண்ணோக்கியில் பார்த்தார். மூளை சுருங்கியிருந்தது. நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே சிக்கலான நூல் முடிச்சுகள். அந்த ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி டியூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதை விளக்கினார். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 1910இல் அவருடைய பேராசிரியர் எமில் கிரேப்ளின் தன் பாடநூலில் இந்த நோய்க்கு அல்சைமர் என்று பெயர் வைத்தார். அகஸ்டேயின் பழைய கோப்பு 1995இல்தான் பிராங்பர்ட் ஆவணக் கிடங்கிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. இந்தக் கேள்வி பதிலெல்லாம் அதிலிருந்து வந்தவை.

இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது நுண்ணோக்கி அல்ல. ஒரு மருத்துவர் நோயாளியின் எதிரே உட்கார்ந்து, அவசரப்படாமல் கேட்டு, தவறான பதிலையும் திருத்தாமல் எழுதி வைத்தது. ஒரு நல்ல வாத்தியார் செய்கிற வேலை அது.

3. முப்பது மார்க் கேள்வித்தாள்

அல்சைமர் கேட்டதுபோல எல்லா மருத்துவரும் மணிக்கணக்கில் கேட்க முடியாது. 1975இல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹ்யூ ஆகிய மூவர் ஒரு சிறிய பரீட்சையை வெளியிட்டார்கள். பத்து நிமிடம், மொத்தம் 30 மார்க். இன்று என்ன தேதி, இது எந்த ஊர், மூன்று பொருள்களின் பெயரைக் கேட்டுக் கொஞ்சம் கழித்துத் திரும்பச் சொல், 100இலிருந்து ஏழு ஏழாகக் கழி. 93, 86, 79, 72, 65. கழிக்க வராவிட்டால் 'வேர்ல்டு' என்ற சொல்லைப் பின்னாலிருந்து எழுத்துக் கூட்டு. ஒரு தாளில் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி கண்ணை மூடு. ஒரு வாக்கியம் எழுது. இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரை. பொதுவாக 24க்குக் கீழே போனால் மேலே விசாரிக்க வேண்டும்.

எளிமையான பரீட்சை என்பதால் உலகம் முழுக்கப் பரவியது. அதிலேதான் ஒரு பெரிய தவறும் பரவியது. படிக்கத் தெரியாதவருக்கு இந்தத் தாளைக் கொடுத்தால் என்ன ஆகும்?

இதற்குப் பதில் எனக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும்.

என் அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்பா போன பிறகு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டி எங்களை வளர்த்தார். டஜன் கணக்கு அவர் விரல் நுனியில் இருக்கும். பதினேழு டஜன் எத்தனை உருப்படி என்றால் நான் பேனாவை எடுப்பதற்குள் சொல்லிவிடுவார். எழுபது வயதுக்கு மேல் மறதி வந்தது. 2003இல் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே இருந்த ஒருவர் தாளை வைத்துக்கொண்டு, நூறில் ஏழு போனால் எத்தனை, அதில் ஏழு போனால் எத்தனை என்று வேகமாகக் கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். எழுது என்று பேனாவைக் கொடுத்தார்கள். அம்மா பேனாவை வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மார்க் ஒற்றை இலக்கம். "வயசான மறதி, ஒண்ணும் பண்ண முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்றுகூடக் கேட்கவில்லை. மறு வருடம் அம்மா போய்விட்டார்.

அம்மாவுக்கு மறதி இருந்தது உண்மை. ஆனால் அந்த ஒற்றை இலக்கத்தில் எத்தனை மார்க் மறதியால் போனது, எத்தனை மார்க் பள்ளிக்கூடம் போகாததால் போனது? பாடமே நடத்தாமல் பரீட்சை வைத்தால் பிள்ளை ஃபெயில் என்று எழுதலாமா? எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் முதல் வருடமே இது தவறு என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

4. கேள்வித்தாளைத் திருத்தியவர்கள்

இந்தக் கேள்வியை எனக்கு முன்பே கேட்டவர்கள் இருந்தார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

டெல்லிக்குத் தெற்கே ஹரியானாவில் பல்லப்கர் என்ற ஊர். 1990களில் அங்கே ஒரு இந்திய அமெரிக்கக் கூட்டாய்வு நடந்தது. மேரி கங்குலி, விஜய் சந்திரா போன்றவர்கள் முன்னின்றார்கள். 55 வயதுக்கு மேற்பட்ட ஐயாயிரத்துச் சொச்சம் பேரைச் சோதித்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 73 பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்களுக்காகப் பழைய கேள்வித்தாளை இந்தியில் மொழிபெயர்க்காமல் புதிதாகச் செய்தார்கள். 1995இல் அது வெளிவந்தது. தாளைப் படித்துக் கண்ணை மூடு என்பதற்குப் பதில், என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய் என்று கேட்பவர் தன் கண்ணை மூடிக் காட்டினார். வாக்கியம் எழுது என்பதற்குப் பதில், உன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல் என்று கேட்டார்கள். சோதிக்க வேண்டியது ஞாபகத்தையும் புரிதலையும்தானே, கையெழுத்தை அல்லவே!

நம் தமிழ்நாட்டிலும் அதே காலத்தில் வேலை நடந்திருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்துத் திருப்போரூர். நம் திருப்பூர் அல்ல. பெயரைப் பார்த்து நானும் ஒரு நிமிடம் ஏமாந்தேன். அங்கே எஸ்.ராஜ்குமார், ஆர்.தாரா ஆகிய மனநல மருத்துவர்களின் குழு 60 வயது தாண்டிய 750 பேரைப் பார்த்தது. நூற்றுக்கு 3.5 பேருக்கு மறதி நோய் இருந்ததாக 1997இல் எழுதினார்கள். கிராமத்தில் கூட்டுக்குடும்பத்தில் இருந்தால் இந்த நோய் வராது என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

அடுத்து 1998. கொச்சியில் நடந்த ஒரு மாநாட்டில் 10/66 என்ற வினோதமான பெயரில் ஒரு ஆய்வுக்குழு உருவானது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் ஏழை நாடுகளிலும் வளரும் நாடுகளிலும் இருக்கிறார்கள். ஆனால் ஆய்வில் பத்து சதவீதம்கூட அவர்களைப் பற்றியது இல்லை. அதைத்தான் பெயராக வைத்துக்கொண்டார்கள். இந்தியாவில் இந்தக் குழு வேலை செய்த இடங்களில் இரண்டு நம் மாநிலத்தில் இருந்தன: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர்.

இவர்கள் செய்த முக்கியமான மாற்றம், பரீட்சையோடு நிறுத்தாமல் வீட்டாரையும் தனியாக உட்கார வைத்துக் கேட்டது. அம்மா முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்வதில்லை? பொருளை எங்கே வைத்தோம் என்று தேடுகிறாரா? தெரிந்த தெருவில் வழி தவறினாரா? இந்த முறையின் ஒரு பகுதி கனடா நாட்டில் கிரீ என்ற பழங்குடி மக்களைச் சோதிப்பதற்காக முதலில் உருவாக்கப்பட்டது. பள்ளிப் படிப்பைச் சார்ந்து நிற்காத கேள்விகள் எங்கோ பனிக்காட்டில் எழுதப்பட்டு வேலூர்க் கிராமத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அங்கேயும் ஒரு சிக்கல். பழைய அமெரிக்க விதிப்படி எண்ணினால் இந்தியக் கிராமத்தில் நூற்றில் ஒருவருக்குக்கூட மறதி நோய் இல்லை என்று வந்தது. புதிய முறைப்படி எண்ணினால் அதைப்போலப் பல மடங்கு. ஒரே ஊர், அதே ஆட்கள். ஏன் இந்த வித்தியாசம்? மறதியால் அன்றாட வேலை கெட்டுப்போனது என்று வீட்டார் சொன்னால்தான் பழைய விதி அதை நோய் என்று கொள்ளும். நம் வீடுகளில் வயதானவருக்கு வேலையே கொடுப்பதில்லையே! தட்டில் சோறு வருகிறது, மருமகள் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், கணக்கு வழக்கை மகன் பார்க்கிறான். கெட்டுப்போனதை எப்படிக் கவனிப்பது? கவனித்தாலும் பெரியவரைப் பற்றி வெளி ஆளிடம் குறை சொல்ல மனம் வருமா?

இதைப் படித்தபோது என் வீட்டுக் காலண்டர் தாள்களை நினைத்துக்கொண்டேன். அவற்றை நான் துப்பறியும் வேலை என்று கோபித்தேன். இல்லை. டாக்டர் அந்தத் தாள்களைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் படித்தார்.

பின்னால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் தங்கள் பகுதி மக்களுக்கென்றே சிறிய சோதனை முறைகளை உருவாக்கி 2009இல் வெளியிட்டார்கள். 2023இல் வெளிவந்த அகில இந்திய ஆய்வு, 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாகச் சொல்கிறது. படிக்காதவர்களிடமும், பெண்களிடமும், கிராமத்திலும் அதிகம். என் அம்மா இந்த மூன்றிலும் வருவார்.

5. எல்லா மறதியும் ஒன்றல்ல

பரீட்சையில் மார்க் குறைந்தால் ஏதோ சரியில்லை என்று மட்டுமே தெரியும். ஏன் என்பதைத் தனியாகத் தேட வேண்டும். எனக்கு ரத்தம் எடுக்கச் சொன்னது இதற்குத்தான்.

இதில் ஒரு கதை நம் பக்கத்து மலைக்கு வருகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்கள் கடுமையான ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் கிருமியா, உணவா என்று தேடினார். இடையில் நம் குன்னூரில் இருந்த ஆய்வுக்கூடத்திலும் தங்கி வேலை பார்த்தார். கடைசியில் ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மலிவான ஒரு உணவுச் சாந்து அந்தப் பெண்களைக் குணப்படுத்தியது. அதில் இருந்த சத்துத்தான் பின்னால் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு ரத்தசோகைக்கு ஈரலைச் சாப்பிடக் கொடுத்துக் குணப்படுத்தி, 1934இல் மூன்று மருத்துவர்கள் நோபல் பரிசு வாங்கினார்கள். ஈரலுக்குள் இருந்த சத்து 1948இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதுதான் பி12.

பி12 குறைந்தால் ரத்தம் மட்டும் கெடாது. கால் மரத்துப்போகும், தள்ளாடும், மறதி வரும். கறி, மீன், முட்டை, பாலில்தான் அது இருக்கிறது. வயதானால் வயிற்றில் அது சேர்வது குறையும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையலாம். நான் சுத்த சைவம். பதினோரு வருடமாக அந்த மாத்திரையும் சாப்பிடுகிறேன். இதுவரை ஒருமுறைகூட பி12 பார்த்ததில்லை!

தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். மனச்சோர்வு மறதிபோல வேஷம் போடும். தூக்க மாத்திரையாலும் வரும். தலையில் சின்ன அடி பட்டு, மூளைக்கு மேலே மெதுவாக ரத்தம் கசிந்து வாரக்கணக்கில் கட்டினாலும் வரும். அதை அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். "கீழே விழுந்தீர்களா?" என்று டாக்டர் கேட்டார். ஐப்பசி மழையில் ஓடும்போது வழுக்கி விழுந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்க அதுவும் ஒரு காரணம்.

இவையெல்லாம் கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியவை, அல்லது மேலும் கெடாமல் நிறுத்தக்கூடியவை. இவை எதுவும் இல்லாமல் அல்சைமராகவே இருக்கலாம். அதைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் பரிசோதிக்காமல் "வயசாயிடுச்சு" என்று சொன்னால் எல்லாம் ஒரே பைக்குள் போய்விடும். 2003இல் என் அம்மாவை அந்தப் பைக்குள் போட்டவர்களில் நானும் ஒருவன்.

6. ஓடலாமா?

என்னைப் போன்றவன் உடனே கேட்கும் கேள்வி இது.

1999இல் அமெரிக்காவில் ஃபிரெட் கேஜ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், சக்கரத்தில் ஓடிய எலிகளுக்கு மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் புது நரம்பணுக்கள் அதிகம் உண்டாவதைக் கண்டார்கள். கடற்குதிரை வடிவில் இருப்பதால் அந்தப் பகுதிக்கு அந்தப் பெயர். புது நினைவுகள் பதிய அது வேண்டும். மறதி நோய் முதலில் தாக்குவதும் பெரும்பாலும் அதைத்தான். 2011இல் கிர்க் எரிக்சன் குழுவினர் 120 முதியவர்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை ஒரு வருடம் வாரம் மூன்று நாள் வேகநடை நடக்க வைத்தார்கள். நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. கைகால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது.

இதை வைத்து, ஓடினால் மறதி போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அந்த 120 பேரும் மறதி நோய் இல்லாதவர்கள். ஏற்கனவே நோய் வந்த 494 பேருக்கு இங்கிலாந்தில் கடுமையான உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்து 2018இல் முடிவு வெளியிட்டார்கள். உடம்பு தேறியது, மறதி குறையவில்லை. ஆக, ஓட்டம் உடம்புக்கு நல்லது, மூளைக்கும் முன்கூட்டியே நல்லது. ஆனால் மருந்து அல்ல.

இன்னும் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு வலிப்பு நோய் தீர 1953இல் மூளையின் இரண்டு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு 2008இல் இறக்கும்வரை எந்தப் புது நிகழ்ச்சியும் அவர் மனதில் தங்கவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் விளிம்பில் கோடு போடச் சொன்னார். ஒவ்வொரு நாளும் அவர் கை தேர்ச்சி பெற்றது. முந்தின நாள் போட்டதே அவருக்கு ஞாபகம் இல்லை! கை பழகுவதற்கு மூளையில் வேறு இடம் இருக்கிறது என்பது அப்போது தெரிந்தது.

இரண்டாமவர் டயான் வான் டிரென். இவரும் அமெரிக்கர், டென்னிஸ் வீராங்கனையாக இருந்தவர். வலிப்புக்காக 1997இல் மூளையின் வலப்பக்கத்தில் ஒரு பகுதியை எடுத்தார்கள். வலிப்பு நின்றது. ஆனால் ஞாபகம் குறைந்தது, நேரக் கணக்கு போனது, வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பதும் கஷ்டமானது. அதற்குப் பிறகுதான் அவர் நெடுந்தூர ஓட்டக்காரர் ஆனார். 2009இல் கனடாவின் யூக்கான் பனிப்பிரதேசத்தில் 430 மைல் பந்தயத்தை முடித்தார். எத்தனை மணி நேரம் ஓடினோம் என்ற கணக்கு இல்லாமல், காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஓடுவாராம். அவருடையது நோயால் வளர்கிற மறதி அல்ல; என் நிலையோடு ஒப்பிட முடியாது. இருந்தாலும் அந்தப் பிரிவில் நின்ற ஐந்து நிமிடத்தை நினைக்கும்போதெல்லாம் இந்த அம்மாவையும் நினைத்துக்கொள்கிறேன்.

7. வியாழக்கிழமை வரை

"ஓடுங்கள், ஆனால் தனியாக வேண்டாம்" என்றார் டாக்டர். குளத்துப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். இப்போது சிக்கண்ணா கல்லூரி மைதானம். வட்டமாக ஓடுவதில் ஒரு வசதி, வழி தவறாது. பி.டி. வாத்தியார் தினமும் ஐந்தரைக்கு வண்டியில் வந்து கூட்டிப்போகிறார். சட்டைப்பையில் என் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிய அட்டை இருக்கிறது. முதல் நாள் அதை வைத்தபோது அவமானமாக இருந்தது. சுற்றுலாவில் பிள்ளைகள் சட்டையில் நானே குத்திவிட்ட அட்டைதானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

எத்தனை சுற்று என்பதுதான் மறந்துபோகிறது. அதற்கும் ஒரு வழி. இடதுபக்கப் பையில் பத்துச் சின்னக் கற்கள். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கல்லை வலதுபக்கப் பைக்கு மாற்றுகிறேன். சதாவதானியின் முதுகில் கல்லை எறிந்து எண்ணச் சொன்னார்கள். நான் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். வீட்டில் பெரியவர்கள் பழகின வழியில் தடுமாறினால், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், தேதி போட்டு எழுதி வையுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளைக் கொண்டு போங்கள். படிக்காத அம்மா அப்பாவாக இருந்தால், "இவங்க பள்ளிக்கூடம் போனதில்லைங்க" என்று பரீட்சைக்கு முன்பே சொல்லுங்கள்; அவர்களுக்கு ஏற்ற கேள்விகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். ரத்தப் பரிசோதனை செய்யாமல் வயது என்று சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

எனக்கு வியாழக்கிழமை என்ன வரும் என்று தெரியாது. ஊசியோடு முடியலாம், முடியாமலும் போகலாம். எதுவானாலும் இங்கே எழுதுவேன். சொன்னதையே திரும்பச் சொன்னால் "சார், இதைப் போன வாரமே சொல்லிட்டீங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன். என் வீட்டுக்காரம்மா தேதியோடு குறித்துக்கொள்வார்.

நாளைக் காலை ஐந்தரைக்கு மைதானம். திங்கட்கிழமை என்பதால் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும்.